தேதியம்மா வெட்டிய பன்னிரண்டு நாள்

கட்டடக் கம்பெனியில் அவளுடைய பதவியின் பெயரை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. கதவில் திட்டமிடல் அலுவலர் என்று எழுதியிருக்கும். வாயில் வருவது தேதியம்மா. கொத்தனார் மேஸ்திரியிலிருந்து முதலாளி வரை அப்படித்தான். எந்தத் தளத்துக்கு எப்போது கான்கிரீட், எந்தச் சுவருக்கு எப்போது பூச்சு, யார் முடித்தால் யார் உள்ளே வரலாம் என்பதெல்லாம் அவளுடைய கணினிக்குள் இருந்தது. அவள் தேதி போட்டால் வேலை நடக்கும், போடாவிட்டால் ஆட்கள் மணல் குவியலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

தட்டச்சு வேலைக்கு என்று வந்தவள்தான். கம்பெனி புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியது. அதை இயக்கப் படித்த இரண்டு பேர் அடுத்தடுத்து வந்து, அடுத்தடுத்து வேறு நல்ல வேலை கிடைத்துப் போனார்கள். கணினி துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. இவள் துணியை எடுத்தாள். சொல்லித் தர ஆளில்லை, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். முதல் கட்டடத்துக்கு மேஸ்திரிகள் ஆளாளுக்குச் சொன்ன நாட்களை அப்படியே ஏற்றினாள். பிறகு பார்த்தால் ஒவ்வொருவரும் சொன்னதில் பாதி நாளில் வேலையை முடித்துவிட்டு, மீதி நாளில் வேறு யாருக்கோ சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி அவளைக் கூப்பிட்டு, "எல்லாருமாச் சேர்ந்து உங்க காதுல பூ சுத்தியிருக்காங்க, அதுகூடத் தெரியலயாம்மா?" என்றார். அன்றோடு அவள் யார் சொல்லையும் முழுதாக நம்புவதை விட்டாள்.

கம்பெனியோடு போயிருந்தால் பரவாயில்லை, அது வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. கணவர் ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று போன் செய்தால் முக்கால் மணியில் தட்டை எடுத்து வைப்பாள். தையற்காரர் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் புதன்கிழமையே போய் நிற்பாள். அவள் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, துணி அநேகமாகத் தயாராகத்தான் இருக்கும். "உன்கிட்ட எதையும் தள்ளுபடிக்கும் சேர்த்துத்தான் சொல்லணும் போல" என்று கணவர் அலுத்துக்கொள்வார். அவளும் சிரிப்பாள். அது பெருமைச் சிரிப்பு.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. ஒவ்வொரு கட்டடமும் தொடங்குவதற்கு முன் மேஸ்திரிகள் எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடக்கும். தன் வேலைக்கு எத்தனை நாள் வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் கூட்டித்தான் சொல்வார்கள், இவளும் வெட்டத்தான் செய்வாள். அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். மின்சார வேலைக்காரர் சர்வசாதாரணமாக இரண்டு மடங்கு சொல்வார். தச்சர் கால் பங்கு மட்டும் கூட்டுவார், ஆனால் அதற்கு ஒன்பது காரணம் சொல்வார். கொத்தனார் மேஸ்திரி காதைச் சொறிந்துகொண்டே சொன்னால் மூன்றில் ஒரு பங்கு காற்று. இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யார் யாரிடம் எவ்வளவு வெட்டினால் எலும்பில் போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். வெட்டு விழுந்ததும் அவர்கள் போடுகிற கூச்சலை வைத்தே கத்தி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்துவாள். அதற்குத்தான் பேஸ்லைன் என்று பெயர். அழுத்திய நொடியில் திரையில் இருக்கிற எல்லாத் தேதியும் ஒரு நகலாக உறைந்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் கீழே மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று வந்து படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வேலை எப்படி ஓடினாலும் அந்தக் கோடு அசையாது. வேலை கோட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதி சிவப்பாகும். கட்டட உரிமையாளருக்கும் அந்த நகல் அன்றே போய்விடும். அதனால் அழுத்துவதற்கு முன்னால் வரைக்கும்தான் பேரம், அழுத்திய பிறகு யார் மூக்கைச் சிந்தினாலும் ஒன்றும் நடக்காது.

மாணவர் விடுதி ஒன்று கட்டும் வேலை வந்தது. நாலு மாடி, மாடிக்கு மாடி வரிசையாகக் குளியலறைகள். கம்பெனியின் பழைய குழாய்க்காரர் உடம்புக்கு முடியாமல் ஒதுங்கிவிட்டார். வேறு ஆள் தெரியுமா என்று முதலாளி கேட்டபோது தேதியம்மா தன் தங்கையின் கணவரைச் சொன்னாள். சும்மா சொல்லக் கூடாது, மாப்பிள்ளை வேலையில் கெட்டிக்காரர். அதுவரை தனி வீடுகளுக்குத்தான் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கேட்பார், இவர் நாள் சொல்வார், சொன்ன நாளில் தண்ணீர் வரும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த உலகம். விடுதிக்காக அவர் கைவசமிருந்த வீட்டு வேலைகளை எல்லாம் வேண்டாம் என்று விட்டார். புதிதாக ஆட்களைச் சேர்த்தார். இதை ஒழுங்காக முடித்தால் கம்பெனியின் அடுத்தடுத்த கட்டடங்களும் அவருக்குத்தான் என்று முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார். தங்கை அந்த வாரம் முழுவதும் தரையில் கால் படாமல் நடந்தாள்.

கூட்டத்தன்று மாப்பிள்ளை கடைசி நாற்காலியில், வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் கொத்தனார் மேஸ்திரி.

"பூச்சு வேலைக்கு எத்தன நாளுங்க?" என்று தேதியம்மா கேட்டாள்.

"அம்பது நாளாவது வேணும்மா." கை காதுக்குப் போனது.

"முப்பத்தஞ்சு."

"அய்யோ, வயித்துல அடிக்காதீங்கம்மா. சிமெண்டு காய வேணாமா?"

"உங்க சிமெண்டு மட்டும் ஊர் சிமெண்டவிட மெதுவாக் காயுதா?"

அறையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். முப்பத்தெட்டில் நின்றது. மின்சார வேலைக்காரர் தன் முறை வந்ததும் எழுந்து நின்று, இப்படி வெட்டினால் விளக்குக்குப் பதிலாக மெழுகுவர்த்திதான் மாட்ட முடியும் என்று பிரசங்கம் செய்துவிட்டு, பாதிக்குச் சம்மதித்து உட்கார்ந்தார். எல்லாம் வழக்கம்போல ஜோராக நடந்தது. கடைசியில் மாப்பிள்ளை.

"முப்பது நாள் ஆகும், அக்கா."

அக்கா என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், மின்சார வேலைக்காரர் தொண்டையைச் செருமினார். "இனிமே நம்ம பாடு திண்டாட்டம்தான். வீட்டு மாப்பிள்ளைகிட்ட அம்மா கத்திய எடுப்பாங்களா என்ன?"

தேதியம்மாவுக்கு முகம் சுட்டது. இத்தனை வருடத்தில் ஒருத்தருக்கும் சலுகை காட்டியவள் என்று பேர் வாங்கியதில்லை. புது ஆட்களுக்கு அவளிடம் ஒரு கணக்கு உண்டு, எவ்வளவு கூட்டுவார்கள் என்று தெரியாததால் மூன்றில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவாள். இருபது என்று தட்டினாள். மின்சார வேலைக்காரர் இன்னும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இருபதை அழித்துப் பதினெட்டு என்று தட்டினாள்.

"பதினெட்டு."

அறையில் ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. மாப்பிள்ளை வரைபடத்தைப் பார்த்தார். உதடுகள் கொஞ்சம் அசைந்தன. பிறகு நிமிர்ந்து, "சரிங்க" என்றார்.

அவ்வளவுதான். தலையில் கை வைக்கவில்லை, யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கூச்சல் இல்லையென்றால் என்ன அர்த்தம்? இன்னும் சதை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பரவாயில்லையே, முதல் தடவையிலேயே நன்றாகக் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார், பிழைக்கத் தெரிந்தவர்தான் என்று அவளுக்கு உள்ளூர மெச்சிக்கொள்ளக்கூடத் தோன்றியது. பொத்தானை அழுத்தினாள். சாம்பல் கோடுகள் வரிசையாக வந்து படுத்தன. நகல் உரிமையாளருக்குப் போனது.

சுவர்கள் எழும்பி முதல் இரண்டு மாடிகளில் குழாய் வேலை தொடங்கும்வரை ஒரு குறையும் இல்லை. தொடங்கிய சில நாட்களிலேயே, போகிற வேகத்துக்கு முடியும் தேதி தள்ளிப்போய், சிவப்பு தலைகாட்டியது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த தற்காலிக அலுவலகத்துச் சுவரில் ஒரு பெரிய திரையில் அந்த அட்டவணை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற வேலைகள் எல்லாம் கோட்டுக்குள் அடக்கமாக நிற்க, குழாய் வேலை மட்டும் நாக்கை நீட்டியதுபோல் வெளியே நீண்டுகொண்டு போனது. குழாய் பதித்து, அழுத்தம் கொடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட முடியும். டைல்ஸ் மேஸ்திரியின் ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். மேஸ்திரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்களுக்கென்னங்க, மாப்பிள்ளை எப்ப மனசு வைக்கிறாரோ அப்ப ஒட்டறோம்" என்றார். அவருடைய வேலையும் சிவப்பாகத் தொடங்கியது. சிவப்பு ஒருவரோடு நிற்பதில்லை, பின்னால் நிற்கிற எல்லார் சட்டையிலும் ஒட்டும்.

தேதியம்மாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. நாம் சிபாரிசு செய்த ஆள் நம் மானத்தை வாங்குகிறாரே என்ற எரிச்சல். அந்த நேரத்தில் ஒரு மாலை தங்கை போன் செய்தாள்.

"அக்கா, அங்க என்னதான் நடக்குது? லீவு நாள்ல கூட வீட்ல இருக்கறதில்ல. சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டே கண் அசந்துடறாரு. மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு, காட்ட மாட்டேங்கறாரு. கேட்டா, நாள் கம்மியாக் குடுத்துட்டாங்க, விடுன்னு சொல்றாரு. யாருக்கா அந்தப் பாவி? நீ அங்கதானே இருக்க, கொஞ்சம் பேசிப் பாரேன்."

நாளை வெட்டியது யார் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை என்பது தேதியம்மாவுக்குப் புரிந்தது. சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது.

"பாக்கறேன்டி" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் கணினியை விட்டுவிட்டுப் படியேறினாள். பழக்கமில்லாத வேலை, இரண்டாவது மாடிக்குள் மூச்சு வாங்கியது. ஒரு குளியலறை வாசலில் நின்று பார்த்தாள். மாப்பிள்ளையும் இரண்டு ஆட்களும் சுவரில் பிளந்த பள்ளத்துக்குள் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை, யாரும் நிமிரவில்லை. டீக்கு மற்றவர்கள் இறங்கிய போதும் இவர்கள் இறங்கவில்லை. ஒரு குளியலறைக்கு ஆகிற நேரத்தை அவள் கண்ணாலேயே பார்த்தாள். வரிசையில் இருக்கிற குளியலறைகளை மனதுக்குள் பெருக்கினாள். முப்பதுதான் வந்தது. எப்படிப் பெருக்கினாலும் முப்பதுதான் வந்தது.

அவள் நிற்பதைப் பார்த்து மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாங்கக்கா. முடிச்சிடலாம், கொஞ்சம் பின்னால இருக்கோம். நேத்து எட்டு மணி வரைக்கும் பார்த்தோம்."

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கு முப்பதுன்னு சொன்னீங்களே, அதுல எவ்வளவு கூட்டிச் சொன்னீங்க?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "எதக் கூட்டிங்க?"

"நாளத்தான். ரெண்டு நாள், நாலு நாள்னு கைல வச்சுக்கறது."

"கைல எதுக்குக்கா வச்சுக்கணும்? ஆகற நாளத்தானே கேட்டீங்க."

"அப்ப நான் பதினெட்டுன்னு சொன்னப்ப ஏன் சரின்னீங்க? சண்டை போட வேண்டியதுதானே!"

மாப்பிள்ளை கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "உங்க கம்ப்யூட்டர்ல எத்தனையோ கட்டடத்தோட கணக்கு இருக்கும். பெரிய எடத்துல பதினெட்டு நாள்ல முடிக்கறாங்க போலிருக்கு, நமக்குத்தான் வேகம் பத்தலன்னு நெனச்சேன். எல்லார் முன்னாடியும் உங்க வார்த்தைய மறுத்துப் பேசறது நல்லாவா இருக்கும்?"

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலாளியிடம் பேசிச் சரிசெய்துவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டாள். கணக்குப் போடுவதில்தான் அவள் புலியாயிற்றே. கீழே வந்து குழாய் வேலையை மட்டும் தேர்ந்தெடுத்துப் பொத்தானுக்குப் பக்கத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். ஏற்கெனவே ஒரு பேஸ்லைன் இருக்கிறது, அதன்மேல் எழுதவா என்று மென்பொருள் கேட்டது. எழுதினால் திரையில் சிவப்பு போய்விடும். ஆனால் உரிமையாளர் கையில் இருக்கிற நகலில் பதினெட்டு அப்படியே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேதியைத் திருட்டுத்தனமாக மாற்ற வைத்தவர் என்ற பழி மாப்பிள்ளையின் தலையில்தான் வந்து விடியும். வேண்டாம் என்று அழுத்தினாள்.

அந்த வாரக் கூட்டத்தில் முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "குழாய்ல என்னம்மா இப்படி?" என்றார். மாப்பிள்ளை மேலே வேலையில் இருந்தார். மற்ற எல்லாரும் இருந்தார்கள்.

தேதியம்மா எழுந்து நின்றாள். இந்தக் கம்பெனியில் அவள் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை. "அது அவர் தப்பு இல்லைங்க. என் தப்பு. அவர் முப்பது நாள்னு உள்ளதச் சொன்னாரு. நான் வழக்கம்போலக் கூட்டிச் சொல்றாருன்னு நெனச்சுப் பதினெட்டா வெட்டிட்டேன். நீங்க உரிமையாளருக்கு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா, அந்த ஒரு வேலைக்கு மட்டும் பேஸ்லைன மாத்திப் போட்டுடலாம்."

திட்டுவார், வேலையை விட்டே போகச் சொன்னாலும் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டாள்.

முதலாளி திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபமே இல்லாமல் பேசினார்.

"நீங்க எதுக்கும்மா வருத்தப்படறீங்க? வெட்டறது உங்க வேலை. கூட்டிச் சொல்றது அவரு வேலை. நீங்க உங்க வேலையச் செஞ்சீங்க, அவரு அவர் வேலையச் செய்யல. இங்க உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அவருக்கு மட்டும் யாராவது தனியா வகுப்பு எடுக்கணுமா? நாளைக்கு இதைவிடப் பெரிய கட்டடம் வரும், அங்கயும் இப்படித்தான் உள்ளதச் சொல்லிட்டு உக்காந்திருப்பாரு. நல்ல மனுஷன்தான், யாரு இல்லன்னா? ஆனா நமக்குச் சரிப்படாது. இந்த ரெண்டு மாடியோட கணக்க முடிச்சுக்கச் சொல்லுங்க. மேல ரெண்டு மாடிக்கு வேற ஆளப் பார்ப்போம்."

மின்சார வேலைக்காரர் தரையைப் பார்த்தார். கொத்தனார் மேஸ்திரி, "பாவம்" என்று சொல்லிவிட்டு, அடுத்ததாகத் தன் பேச்சு வரும் என்று தாள்களை எடுத்து அடுக்கிக்கொண்டார். ஒருவர்கூட முதலாளி சொன்னது அநியாயம் என்று வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு அது அநியாயமாகவே தெரியவில்லை என்பதுதான் விஷயம். பொய்யைக் கூட்டத் தெரியாதவருக்கு வேலையும் தெரியாது என்று அந்த அறையே ஒருமனதாக முடிவு செய்துவிட்டது. பேச எழுந்தவள் உட்கார மறந்து நின்றாள். முதலாளிதான், "உக்காருங்கம்மா, அடுத்தது பாப்போம்" என்றார்.

சொல்கிற வேலையை வேறு யாரிடமும் விட அவளுக்கு மனம் வரவில்லை. மறுபடியும் படியேறினாள்.

மாப்பிள்ளை ஒரு குளியலறையில் குழாய்களுக்குள் தண்ணீரை ஏற்றி, அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜின் முள் இறங்குகிறதா என்று குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் இதை விட்டுவிடச் சொல்லி டைல்ஸ் மேஸ்திரி நச்சரித்திருக்கிறார். இவர் விடவில்லை. ஆட்களை அனுப்பிவிட்டு அவர் எதிரில், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் அவள் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாரும் கூட்டிச் சொல்வார்கள் என்பதை, தான் வெட்டுவது வழக்கம் என்பதை, புது ஆளுக்கு மூன்றில் ஒன்று என்பதை, மின்சார வேலைக்காரர் சிரித்ததற்காக இன்னும் இரண்டு நாளை எடுத்ததை. கடைசியில் முதலாளி சொன்னதை. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது, துடைக்கவில்லை.

அவர் முள்ளைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்களைப் பற்றி ஏதாவது கேட்பார், விட்டுவந்த வீட்டு வேலைகளைப் பற்றிப் பேசுவார், குறைந்தது ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

"நாளு கூட்டிச் சொல்லணும்கறது இங்க எல்லாருக்கும் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"டைல்ஸ்காரருக்கு?"

"அவருக்கும் தெரியும், மாப்பிள்ளை. எல்லாருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படத் தெரியாத முகம். கோபப்பட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"கூட்டத்துக்கு மொத நாள் ராத்திரி நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்லதானேக்கா சாப்பிட்டோம்" என்றார். "அப்பவே வரைபடத்த விரிச்சு, முப்பது நாள் ஆகும்னு உங்ககிட்டச் சொன்னேனே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் நாப்பத்தஞ்சுன்னு சொல்லியிருப்பேன்."

அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அன்று இரவு அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. சொந்தக்காரர் என்பதற்காக ரகசியத்தைச் சொல்லிக் கொடுப்பது மற்றவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்து விழுங்கிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு, தான் எவ்வளவு நேர்மையானவள் என்று கணவரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.